சேலத்தில் ஃபிட்டருக்கு வேலை இருக்கிறதா? கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "மாமா, பையனை ஐடிஐ ஃபிட்டர்ல போடலாமா, படிச்சா இங்கயே வேலை கிடைக்குமா, இல்ல ஓசூர், கோயம்புத்தூர்னு போகணுமா?" எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன். நான் இருபது வருஷத்துக்கு மேலாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பெரிய ஆலைகளுக்குள் காண்டிராக்டில், சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில், நடுவில் சில வருஷம் வளைகுடாவில், இப்போது சொந்தமாக நாலைந்து ஆலைகளுக்கு மாதாந்திர மெயின்டனன்ஸ். அதனால் இதில் இருப்பதெல்லாம் நான் கையை அழுக்காக்கிப் பார்த்தது, புள்ளிவிவரம் எதுவும் என்னிடம் இல்லை.

முதலில் பதில். வேலைக்குப் பஞ்சமில்லை, நிரந்தரத்துக்குத்தான் பஞ்சம். சேலத்தைச் சுற்றி அறுபது கிலோமீட்டருக்குள் ஒரு மிஷினைக் கழற்றி, ஏன் கெட்டது என்று கண்டுபிடித்து, திரும்பப் பூட்டி ஓட விடத் தெரிந்த ஆள் சும்மா உட்கார வேண்டியதே வராது. ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால் ரிட்டயர் ஆகிற வரை கவலையில்லை என்று நம் அப்பா காலத்தில் நினைத்தார்களே, அந்த மாதிரி வேலையை நம்பி இந்தப் படிப்பில் சேரக் கூடாது.

இந்த ஊரில் ஃபிட்டர் என்றாலே எல்லோர் மனசிலும் இரும்பாலைதான் வருகிறது. 1970ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார், 1981ல் உற்பத்தி ஆரம்பித்தது, 1995ல் ஹாட் ரோலிங் மில், 2010ல் உருக்கும் பிரிவு என்று கட்டம் கட்டமாக வளர்ந்த ஆலை. கஞ்சமலை அடிவாரத்தில் அதற்கு நிலம் கொடுத்த குடும்பங்களில் ஒரு ஆளாவது உள்ளே இருப்பது ஒரு காலத்தில் பெரிய கௌரவம், பெண் கொடுக்கிறவர்கள்கூட வேறு கேள்வி கேட்க மாட்டார்கள். அங்கே செண்ட்சிமிர் மில் என்று ஒன்று இருக்கிறது, நடுவில் ஒல்லியாக இரண்டு உருளை, அதைத் தாங்க மேலும் கீழுமாக அடுக்கி மொத்தம் 20 உருளை, ஸ்டெயின்லெஸ் தகட்டைக் காகிதம் மாதிரி இழைக்கிற மிஷின். அந்த மாதிரி மிஷினில் கை வைத்துப் பழகிய தலைமுறைதான் இந்த ஊரின் நல்ல ஃபிட்டர்கள். அவர்களில் பெரும்பாலோர் இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார்கள். 2019ல் அந்த ஆலையை விற்க விருப்பம் கேட்டு மத்திய அரசு அறிவிப்பு விட்டபோது ஊரே போராடியது ஞாபகம் இருக்கலாம்.

மேட்டூர் பக்கம் போனால் அனல்மின் நிலையம், 210 மெகாவாட்டில் நாலு யூனிட்டும் தனியாக 600 மெகாவாட்டில் ஒரு யூனிட்டும். பொட்டனேரியில் ஊது உலையோடு ஜேஎஸ்டபிள்யூ உருக்காலை. மேட்டூரிலேயே கெமிக்கல் ஆலைகள், சங்ககிரியில் சிமென்ட், இன்னும் கொஞ்சம் தள்ளி பள்ளிபாளையத்தில் காகித ஆலை. இதெல்லாம் இரவு பகல் நிற்காமல் ஓடுகிற இடங்கள். அங்கே நிரந்தரமாக இருக்கிற ஃபிட்டர்கள் கொஞ்சம் பேர்தான், அன்றாட வேலையும், ஆலையைச் சில நாள் நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலையும் காண்டிராக்டர் ஆட்கள் கையில். சேலத்து ஃபிட்டரின் பிழைப்பில் பாதி இந்த ஷட்டவுன்தான் என்பதால் அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஷட்டவுன் தேதி முடிவானதும் காண்டிராக்டர் மேஸ்திரிக்குச் சொல்வார், மேஸ்திரி நமக்கு. ஆதார், போலீஸ் வெரிஃபிகேஷன், மெடிக்கல் என்று கேட் பாஸ் போடவே சில நாள் போய்விடும், உயரத்தில் வேலை என்றால் தலைசுற்றல் இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள். அதனால் பேப்பர்களைத் தயாராக வைத்திருப்பவனுக்குத்தான் முதல் அழைப்பு, இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் நல்ல கைக்காரன் ஒருவன் வெரிஃபிகேஷன் முடியாமல் வெளியே நிற்க, சுமாரான ஆள் உள்ளே போய் சம்பாதித்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கன்வேயர் ரோலர் மாற்றுவது, கியர்பாக்ஸ் திறப்பது, பம்ப் ஓவராலிங், ஃபேன் இம்பெல்லர், அனல்மின் நிலையத்தில் நிலக்கரி அரைக்கிற மில்லின் ரோலர் என்று டன் கணக்கில் எடையுள்ள சாமான்கள், செயின் பிளாக்கும் கிரேனும் இல்லாமல் எதுவும் நகராது. ரிக்கிங், அதாவது கனமான சாமானைக் கட்டித் தூக்கி நகர்த்தத் தெரிந்த ஃபிட்டருக்கு மதிப்பு இதனால்தான். கைதேர்ந்த ஆளுக்கு ஒரு ஷிப்டுக்கு 1,200லிருந்து 1,500 வரை இப்போது கொடுக்கிறார்கள், நான் பார்த்த வரையில். பத்து, பதினைந்து நாள் தொடர்ந்து ஓடும், அப்புறம் திடீரென்று ஒன்றுமில்லை. அடுத்த ஷட்டவுன் வேறு ஆலையில், வேறு மாதத்தில். நாலைந்து மேஸ்திரிகளோடு தொடர்பு வைத்திருந்தால் வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் நிரம்பிவிடும். ஒரே மேஸ்திரியை நம்பினால் அவருக்கு வேலை இல்லாதபோது நமக்கும் இல்லை.

நான் சின்னப் பையனாக முதல் ஷட்டவுனுக்குப் போனபோது கூட இருந்த பெரியவர் ஒருவர், கியர்பாக்ஸ் மூடியைத் திறப்பதற்கு முன்னால் சென்டர் பஞ்சை என் கையில் கொடுத்தார். "கண்ணு, அவுக்கறதுக்கு எல்லாக் கையும் வரும், திருப்பிப் பூட்டறப்ப எது எங்கனு கேட்டா ஒருத்தனும் இருக்க மாட்டான். முதல்ல மார்க் போடு." இரண்டு ஷாப்டை இணைக்கிற கப்ளிங்கில், மூடியில், கியரின் பல்லில் இரண்டு பக்கமும் பொருந்துகிற மாதிரி புள்ளி. இப்போது பையன்கள் போனில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் நல்லதுதான், ஆனால் கிரீஸ் கையோடு போனை எடுக்க முடியாது, பல ஆலைகளில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

சரி, பெரிய கேட்டுகளை விட்டுவிடுவோம். யாரும் கண்டுகொள்ளாத இடத்தில்தான் நிலையான வருமானம் இருக்கிறது, அது சேகோ.

சேலம், ஆத்தூர், நாமக்கல், தர்மபுரி பக்கம் குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கிற ஆலைகள் எத்தனை இருக்கின்றன என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 1981ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு விற்பனைக்கு ஒரு வழி கிடைத்தது, ஆலைகளும் பெருகின. கிழங்கு லாரியில் வந்து இறங்கும், கழுவி, தோல் நீக்கி, ராஸ்பரில் அரைத்து, சல்லடையில் வடித்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து, மாவை உருட்டி, வறுத்து, களத்தில் காயவைப்பார்கள். கிழங்கு அறுத்தால் வைத்திருக்க முடியாது, ஒன்றிரண்டு நாளிலேயே கெட ஆரம்பிக்கும். அதாவது ராஸ்பர் நின்றால் யார்டில் நிற்கிற லாரிக்கெல்லாம் முதலாளி பதில் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் போனை எடுக்கிற ஃபிட்டருக்கு அவர் பேரம் பேச மாட்டார்.

ஆத்தூர் ரோட்டில் ஒரு ஆலையில் ராஸ்பரின் பேரிங் சீசனில் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. முதலாளி முடிவே செய்துவிட்டார், கடைக்காரன் டூப்ளிகேட் பேரிங் கொடுக்கிறான் என்று. டூப்ளிகேட் சந்தையில் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கழற்றிய பழைய பேரிங்கைப் பழைய இரும்புக்காரனிடம் போடாமல் ஒரு மூலையில் வைத்திருந்தார்கள், அது நல்லதாகப் போயிற்று. 22216கே நம்பர், உள்ளே 80 மில்லி துளை, 70 மில்லி ஷாப்டில் எச்316 ஸ்லீவ் (ஷாப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் போடுகிற உறை) போட்டுப் பிளம்மர் பிளாக்கில், அதாவது பேரிங்கைத் தாங்குகிற கூட்டில், உட்கார்த்தியிருந்தது. உள் வளையம் நீலம் பாய்ந்திருந்தது. பேரிங் சூட்டில் செத்திருக்கிறது என்பது அதைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், சூடு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

ஆலையில் இருந்த பையனைப் பூட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஸ்லீவ் நட்டை உளி வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்து, இனி நகராது என்கிற வரை இறுக்கினான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். இந்த வகைப் பேரிங்கில் துளை சரிவாக இருக்கும், நட்டை இறுக்க இறுக்க ஸ்லீவின் மேல் ஏறி உள் வளையம் விரிந்துகொண்டே போகும், ரோலருக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி குறைந்துகொண்டே வரும். பூட்டுவதற்கு முன் ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு அந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும், இறுக்கும்போது திரும்பத் திரும்ப விட்டுப் பார்க்க வேண்டும், இந்த சைசுக்கு ஏறத்தாழ 40லிருந்து 50 மைக்ரான் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். அங்கே ஃபீலர் கேஜே இல்லை. இடைவெளி முழுக்கத் தின்றுபோய், ஓட ஆரம்பித்ததும் சூடாகி இன்னும் இறுகி, கிரீஸ் உருகி ஓடிவிடுகிறது.

அதோடு நிற்கவில்லை. ராஸ்பர் டிரம்மின் சுற்றில் பற்கள் வெட்டிய பிளேடுகள் வரிசையாக இருக்கும், கிழங்கோடு வருகிற மண்ணும் கல்லும் அதை மழுக்கிவிடும். மழுங்கிய பிளேடை மட்டும் மாற்றியிருந்தார்கள், அதுவும் ஒரே பக்கமாக. புதுப் பிளேடு கொஞ்சம் கனம், பழசு தேய்ந்து லேசு, டிரம் சுற்றும்போது கும் கும் என்று அடிப்பது கட்டடத்து வாசலிலேயே காலில் தெரிந்தது. மளிகைக் கடைத் தராசு ஒன்று கொண்டுவரச் சொல்லி எல்லாப் பிளேடையும் எடை போட்டு, ஒன்றுக்கு எதிர்ப்பக்கம் அதே எடையில் இன்னொன்று என்று ஜோடி சேர்த்துப் பூட்டினோம். கடைசியாக, கழுவுகிற பையன் ஹோஸ் பைப்பை நேராகப் பிளம்மர் பிளாக்கின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தான், கிழங்குப் பாலின் புளிப்புத் தண்ணீர் உள்ளே போனால் பேரிங் எத்தனை நாள் தாங்கும்? ஒரு தகட்டை வளைத்து மறைப்பு வைத்தேன்.

"இவ்வளவுதானா தம்பி?" என்றார் முதலாளி. கூலி சொன்னதும் முகம் கொஞ்சம் சுருங்கியது, பேரிங் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டுக் காட்டியதும் கொடுத்துவிட்டார். அந்த சீசன் முடிகிற வரை அந்த பேரிங்கைத் தொடவில்லை. இப்போது மாதம் ஒரு நாள் போய் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன், அதற்குத் தனியாக ஒரு தொகை. அவர் சொல்லி அவருடைய மச்சான் ஆலையும் கிடைத்தது.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. பேரிங் மாற்றத் தெரிந்தவர்கள் சேலத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அவர்களுக்கு மாதம் பதினைந்தாயிரம் கிடைத்தால் பெரிது. பேரிங் ஏன் போகிறது என்று சொல்லத் தெரிந்தவனுக்கு அதே ஆலையில் இரண்டு மடங்கு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள், ஆள்தான் இல்லை. இந்தத் தொழிலில் எதிர்காலம் என்று ஏதாவது இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது, எந்த ஆலை வருகிறது எது மூடுகிறது என்பது அதற்கப்புறம்.

அப்படியானால் பையன் எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்? பேரிங் நம்பரைப் பார்த்ததும் சைஸ் சொல்லத் தெரிய வேண்டும், 6205 என்றால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கு, 25 மில்லி துளை, இது ஐந்து நிமிஷப் பாடம், ஆனால் ஐடிஐ முடித்து வருகிற பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. ஷாப்டில் நேராக இறுக்கமாக உட்கார்கிற பெரிய பேரிங்கைச் சூடு பண்ணித்தான் ஏற்ற வேண்டும், அதுவும் 110 டிகிரியைத் தாண்டாமல், கேஸ் கட்டர் ஜுவாலையைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. டயல் கேஜ் வைத்து மோட்டாரையும் பம்பையும் அலைன் பண்ண, அதாவது இரண்டின் ஷாப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கிற மாதிரி வைக்கத் தெரிவது எல்லாவற்றையும்விட முக்கியம். பல இடங்களில் கப்ளிங்கின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கண்ணால் பார்த்து ஓகே சொல்லிவிடுகிறார்கள், ரப்பர் புஷ் மாதா மாதம் பொடியாக உதிரும்போது புஷ்ஷின் தரத்தைத் திட்டுகிறார்கள். அலைன்மென்டுக்கு முன்னால் மோட்டாரின் நாலு காலும் பேஸில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி டயலில் பார்க்க வேண்டும், ஒரு கால் 50 மைக்ரானுக்கு மேல் எழும்பினால் அங்கே ஷிம் (மெல்லிய தகடு) போடாமல் மற்றதைச் செய்து பிரயோஜனமில்லை. நல்ல டயல் கேஜும் மேக்னடிக் ஸ்டாண்டும் சேர்த்து வாங்க சில ஆயிரம் ஆகும். முதல் சம்பளத்தில் போன் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டு இதை வாங்கச் சொல்கிறேன், ஒருத்தரும் கேட்பதில்லை.

அதற்கு மேல் கொஞ்சம் ஆர்க் வெல்டிங், கேஸ் கட்டிங், டிராயிங் படிக்கிற பழக்கம். ஹைட்ராலிக், நியூமேட்டிக் தெரிந்தால் ஸ்பின்னிங் மில்லுக்கும் பால் பண்ணைக்கும் போகலாம். பேனலைத் திறந்து ஓவர்லோட் ரிலே டிரிப் ஆகியிருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு எலக்ட்ரிக்கல் வேண்டும், ஏனென்றால் சின்ன ஆலையில் எலக்ட்ரீஷியனும் நீதான்.

படிப்பு விஷயம். ஃபிட்டர் இரண்டு வருஷம், பத்தாவது பாஸ் போதும். அரசு ஐடிஐயில் இடம் கிடைத்தால் தனியார் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம், படிப்புக்கு ஃபீஸ் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் 2024ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 தனி, பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண். 2023ல் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதுப்பித்து ரோபோ, சிஎன்சி எல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரம்பத்தையும் அரத்தையும் பிடித்துக் கை மரத்துப் போகாமல் ரோபோவுக்குத் தாவுகிற பையனை நான் வேலைக்குக் கூப்பிட மாட்டேன். ஃபிட்டரா, மெஷின் டூல் மெயின்டனன்ஸா என்று கேட்பவர்களுக்கு: இரண்டாவதில் எங்கள் வேலைக்கு நெருக்கமான பாடம் அதிகம், ஆனால் ஃபிட்டர் என்ற பெயருக்கு எல்லா அரசு அறிவிப்பிலும் இடம் உண்டு. ரயில்வேயில் டெக்னீஷியன், உதவி லோகோ பைலட் இரண்டுக்கும் அது செல்லும். ரயில்வே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் 1 வேலையில் 20 சதவீதம் தனியாக ஒதுக்குகிறார்கள், சேலமே ஒரு கோட்டம், வீட்டிலிருந்தே போய்வரலாம்.

ஐடிஐ முடித்ததும் அப்ரண்டிஸ் கட்டாயம் போக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு வருஷம். உதவித்தொகை குறைவு, 2019 விதிப்படி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தது 7,000 என்று வைத்தார்கள். அந்தப் பணத்தைப் பார்த்து முகம் சுளித்து, 14,000 தருகிறேன் என்கிற ஓசூர்ப் பக்கத்து அசெம்ப்ளி லைனுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரியில் வேலை நிறைய இருக்கிறது, வண்டிக் கம்பெனிகள், எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் என்று வருஷா வருஷம் வருகிறது. ஆனால் லைனில் நின்று ஒரே நட்டை நாள் முழுக்க இறுக்குவது ஃபிட்டர் வேலை கிடையாது. டிரெய்னி என்று எடுத்து இரண்டு மூன்று வருஷத்தில் அனுப்பிவிட்டால் பையன் கையில் தொழில் இருக்காது, வயசு மட்டும் கூடியிருக்கும். போவதானால் மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்டா என்று இன்டர்வியூவிலேயே கேட்டுவிட்டுப் போகட்டும். அங்கே ரூம் வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் சேலத்தில் இருந்துகொண்டு அப்ரண்டிஸ் முடிப்பதில் பெரிய நஷ்டமில்லை.

பிஎஃப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஆலையில் காண்டிராக்டில் இருந்தபோது மாதா மாதம் சம்பளத்தில் பிஎஃப் பிடித்தார்கள், சம்பளச் சீட்டிலும் இருந்தது. பின்னால் பாஸ்புக்கைத் திறந்தால் பல மாதம் காலி. காண்டிராக்டர் போனை எடுக்கவில்லை, ஆலையின் ஆபீசில் அது காண்டிராக்டர் சமாச்சாரம் என்று கையை விரித்தார்கள். உண்மையில் காண்டிராக்டர் கட்டாவிட்டால் முதன்மை நிறுவனம்தான் கட்ட வேண்டும், சட்டம் அப்படித்தான் இருக்கிறது. கூட இருந்தவர்களெல்லாம் சேர்ந்து சம்பளச் சீட்டு, கேட் பாஸ் நகலோடு பிஎஃப் ஆபீசில் எழுதிக் கொடுத்தோம், இழுத்து இழுத்துத்தான் வந்தது, வந்தவரைக்கும் வந்தது. சம்பளச் சீட்டைத் தூக்கி எறிந்திருந்த இரண்டு பேருக்கு ஒன்றும் பெயரவில்லை. அதனால் யுஏஎன் என்கிற நிரந்தர பிஎஃப் நம்பரை ஆக்டிவேட் பண்ணி, மாதம் ஒரு தடவை போனில் பாஸ்புக் பார்க்கிற பழக்கம் வேண்டும். ஒவ்வொரு காண்டிராக்டரும் புதுசு புதுசாக நம்பர் போட விடாதீர்கள், பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், நம்பர் சிதறினால் சர்வீஸும் சிதறும். சம்பளம் 21,000க்குள் என்றால் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு உண்டு, கார்டை வாங்கி வீட்டில் எல்லோர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

வளைகுடா. போகலாம், சில வருஷம் போய்வந்ததில்தான் என் வீட்டுக்கு காங்கிரீட் விழுந்தது. விளம்பரத்தில் மில்ரைட், ரோட்டரி ஃபிட்டர் என்று போட்டிருந்தால் நமக்கான வேலைதான், பம்ப், கம்ப்ரஸர், டர்பைன் பக்கம். பைப் ஃபிட்டரும் ஃபேப்ரிகேட்டரும் வேறு, மாறிப் போய்ச் சேர்ந்தால் சம்பளம் இறங்கிவிடும். டிரேட் டெஸ்டில் கப்ளிங் அலைன்மென்ட், மெக்கானிக்கல் சீல், டிராயிங், சில சமயம் அரத்தில் ஒரு கட்டையைச் சதுரமாக ராவச் சொல்வது, இதெல்லாம் வரும், ஊரில் டயல் கேஜ் பிடித்தவனுக்கு அது விளையாட்டு. ஏஜென்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் சென்னையில் இருக்கிறது, அதன் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள். விசிட் விசாவில் ஏற்றி அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிற ஆளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பிரவாசி பாரதிய பீமா இன்சூரன்ஸ் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான், பத்து லட்சம் கவர், அதை யாரும் நமக்காக ஞாபகப்படுத்த மாட்டார்கள். கனடாவிலும் இந்தத் தொழிலுக்கு ஆள் தேவை இருக்கிறது, ஆனால் அங்கே ஆங்கிலத் தேர்வு, ரெட் சீல் சான்றிதழ் என்று வழி நீளம். ஐடிஐ முடித்த கையோடு அதைக் காட்டிப் பணம் கேட்கிறவனை நம்ப வேண்டாம்.

நடுவில் ஏற்காட்டைச் சொல்லாமல் விட்டால் எனக்கே மனசு கேட்காது. பெரிய காசு கிடையாது, ஆனால் காபி அறுப்பு ஆரம்பிக்கிற நவம்பருக்கு முன்னால் எஸ்டேட்களில் பல்பர் மிஷினைத் தயார் பண்ண ஆள் தேடுவார்கள். உள்ளே செம்புத் தகடு சுற்றிய டிரம், தகட்டில் சின்னச் சின்ன மேடு. பழம் அதற்கும் எதிரே இருக்கிற கட்டைக்கும் நடுவில் நசுங்கித் தோல் உரியும். இடைவெளி குறைந்தால் கொட்டை வெட்டுப்படும், கூடினால் பழம் முழுசாக வெளியே வரும். அந்த எஸ்டேட்டின் பழத்தையே ஒரு பிடி போட்டு ஓட்டிப் பார்த்துத்தான் வைக்க முடியும், புத்தகத்தில் எண் கிடையாது. இருபது கொண்டை ஊசி வளைவையும் டூல் பெட்டியோடு பைக்கில் ஏறி இறங்கினால் முதுகு போய்விடும், சாமானைப் பஸ்ஸில் போட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. பெரிய ஆலைகளில் பூட்டு, டேக், பர்மிட் எல்லாம் ஒழுங்காக இருக்கும், விரல் போவது பெரும்பாலும் சின்ன ஆலைகளில்தான். ஸ்டார்டரை ஆஃப் பண்ணிவிட்டு மிஷினுக்குள் கையை விடுவான், அந்தப் பக்கம் வந்த இன்னொருத்தன் நின்றுபோயிருக்கிறதே என்று பச்சைப் பட்டனை அழுத்துவான். நான் மெயினை ஆஃப் பண்ணி மூன்று ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ராஸ்பரைத் தொடுவேன். பிரேக்கர் வைத்த பேனல் என்றால் சொந்தப் பூட்டு, சாவி என்னிடம். டிரம் சுற்றி நிற்கச் சில நிமிஷம் ஆகும், அதுவரை டீ குடிக்கலாம். அவசரப்படுத்துகிற முதலாளியிடம், "அண்ணா, அஞ்சு நிமிஷம்" என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கடைசியாக வயசு. நாற்பத்தைந்துக்கு மேல் முட்டி பேச ஆரம்பிக்கும், கியர்பாக்ஸுக்கு அடியில் படுத்து எழுந்திருக்க முடியாது. அதற்குள் சூப்பர்வைசராக மாறுகிறவர்கள் உண்டு, சின்னதாக லேத் பட்டறை போட்டு ஷாப்ட், புஷ் கடைந்து கொடுக்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் வைப்ரேஷன் அனாலிசிஸ் முதல் நிலைத் தேர்வு எழுதி, ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு ஆலை ஆலையாகப் போய் எந்த மோட்டார் எப்போது படுக்கும் என்று எழுதிக் கொடுக்கிறார், கையில் கிரீஸே படாது, வருமானம் என்னைவிட அதிகம். பையன் இப்போதே அதுவரைக்கும் யோசிக்க வேண்டியதில்லை. ஐடிஐ கவுன்சலிங் விண்ணப்பம் வழக்கமாக மே, ஜூனில் ஆன்லைனில் திறக்கும், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், டிசி, ஆதார், போட்டோ எல்லாம் ஸ்கேன் பண்ணித் தயாராக வைத்துக்கொண்டு முதல் சாய்ஸில் உங்களுக்குப் பக்கத்து அரசு ஐடிஐ, ஃபிட்டர் என்று போடுங்கள்.